லீலா மூச்சு வாங்கிய நாலு இடங்கள்

அமாவாசையன்று அந்தத் தெருவில் தறி ஓடாது. மற்ற நாட்களில் நடுத்தெருவில் நின்றுகொண்டு இரண்டு பேர் உரக்கவே ரகசியம் பேசலாம். வீட்டுக்கு வீடு அடிக்கிற தறிச் சத்தத்தில் மூன்றாவது ஆள் காதில் ஒரு சொல் விழாது. அமாவாசையில் அந்த வசதி கிடையாது. யார் வீட்டு மிக்ஸியில் என்ன அரைபடுகிறது, எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் வாயை மூடிக்கொண்டு பாத்திரங்களைப் பேச விட்டிருக்கிறார்கள் என்பது வரை எதிர்வீட்டுத் துர்காவுக்குக் கேட்டுவிடும்.

பாட்டுப் பதிவுக்கு ராஜ்குமார் இந்த வெள்ளிக்கிழமையைப் பிடித்ததும் இதனால்தான்.

"ம்மா, இன்னைக்கு விட்டா வேற நாளே இல்ல. நாளைக்குக் காலையில தறி ஆரம்பிச்சிடும். ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. ஜல்தி வா."

"இருடா, பொடவ மாத்திகினு வரேன்."

"போட்டோவா எடுக்கறேன்? குரல் தான்ம்மா."

"பட்டு கட்டினாத்தான்டா எனக்குக் குரலே வரும்," என்று உள்ளே போனாள் லீலா.

இந்த வீட்டுச் சங்கதி தெரியாதவர்கள் தெருவில் யாருமில்லை. வெளியூர்க்காரர்களுக்காக மட்டும் ஒரு வார்த்தை.

மாணிக்கவேலும் அவர் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடுக்கூடத்தில் ஒரு சுவரை எழுப்பி வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். அதில் மனத்தாங்கல் ஒன்றுமில்லை. இன்றைக்கும் அண்ணனும் தம்பியும் ஒரே டீக்கடையில் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். பேச்சு வார்த்தை இல்லாதது பெண்டாட்டிமாருக்குள்.

மாணிக்கவேலின் சம்சாரம் லீலாவும் தம்பி சம்சாரம் சூர்யகலாவும் இருபத்திரண்டு வருஷம் ஜோடியாகப் பாடியவர்கள். நலங்கோ வளைகாப்போ, ஆரணிச் சுற்று வட்டாரத்தில் வெற்றிலை பாக்கு முதலில் இவர்கள் வீட்டுக்குத்தான் வரும். பதினோரு மாதத்துக்கு முன்னால், சேவூர் மண்டபத்தில் ஒரு நலங்கு. பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி, "கூடப் பாடினாங்களே, அவங்க யாரு?" என்று கேட்டாள். லீலா, "அவளா? அவ சும்மா என் பின்னாடி இழுத்துகினு வருவா. பாட்டு என்னுது," என்றாள்.

சொன்னது தப்பில்லை என்று லீலா இன்றுவரை நினைக்கிறாள். அப்போது மைக் அணைக்கப்படவில்லை என்பதுதான் தப்பாம். மண்டபத்தில் முன்னூறு பேர் கேட்டார்கள். கீழே பந்தியில் இருந்தவர்கள் அப்பளத்தை உடைக்காமல் கேட்டார்கள். சூர்யகலா நிதானமாகப் பாயசம் வரைக்கும் சாப்பிட்டாள். டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். அதோடு சரி.

இப்போது லீலாவின் மகள் லாவண்யாவுக்குத் தெள்ளாரில், மாமியார் வீட்டில், வளைகாப்பு. போன வாரம் போன் போட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அம்மாவும் சித்தியும் சேந்து பாடினாத்தான் நான் மணையில உக்காருவேன். இல்லன்னா வளையல எல்லாம் அவங்கவங்க வீட்டுக்கே எடுத்துகினு போவட்டும்."

ஒன்பது மாத வயிற்றோடு இருக்கிற பெண்ணை யார் அதட்டுவது? சூர்யகலா யோசித்துப் பதில் அனுப்பினாள்: "புள்ளைக்காகக் குரல் குடுக்கறேன். ஆளு வராது." லீலாவும் சளைக்கவில்லை: "குரல் வந்தாப் போதும். ஆளு எதுக்கு?"

அப்படிச் சொல்லிவிட்டு, மேடையில் பக்கத்தில் நிற்க ஒருத்தி வேண்டுமே என்று முள்ளிப்பட்டு செல்லியம்மாளுக்குச் சொல்லி அனுப்பியும்விட்டாள். செல்லியம்மாளின் குரலைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. உற்சாகம் உள்ளவள்.

குரலை மட்டும் வாங்கி எப்படிச் சேர்ப்பது என்பதற்கு வழி சொன்னவன் ராஜ்குமார். கம்ப்யூட்டரில் சேலைக்குப் பார்டர் டிசைன் போடுகிறவன். பொழுதுபோக்குக்குப் போனில் ஒரு ஆப் வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டுகிறவன். முதலில் அம்மா பாடினால் சிவப்பாக ஒரு கோடு விழும். அதைக் காதில் கேட்டுக்கொண்டே சித்தி அவர்கள் வீட்டில் பாடினால் கீழே பச்சையாக இன்னொரு கோடு. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் ஒரே மேடையில் நின்று பாடியது மாதிரி இருக்கும். முகத்தை முகம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"இது முன்னாடியே வந்திருந்தா எத்தினி குடும்பம் நிம்மதியா இருந்திருக்கும்," என்று மாணிக்கவேல் சொன்னார். சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

*

ராஜ்குமார் ஜன்னல்களைச் சாத்தினான். ஃபேனை நிறுத்தினான். ஃப்ரிட்ஜ் உறுமுகிறது என்று அதன் வயரையும் பிடுங்கினான்.

"பால் இருக்குதுடா உள்ள."

"அஞ்சி நிமிஷம்மா. கெட்டுப் போவாது." இயர்போனை அம்மாவின் காதில் மாட்டினான்.

லீலா திடுக்கிட்டாள். "யார்ரா அது, கதவத் தட்றது?"

"தாளம்மா. டக்கு டக்குன்னு கேக்கும். அதுங்கூட பாடு."

"எனக்கேவா தாளம்?"

"உனக்கு இல்லம்மா, போனுக்கு. இந்தச் செவப்பு வட்டத்த அமுக்கினா ஆரம்பம். திரும்ப அமுக்கினா நிக்கும். அவ்ளோதான்."

லீலா தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிரே முன்னூறு பேர் உட்கார்ந்திருப்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாடினாள். மணையில் உட்கார்ந்த பெண்ணுக்கு வளையல் அடுக்குகிற பாட்டு. அதை லீலா பாடி வளை பூட்டிய பெண்களின் பிள்ளைகள் இன்று மீசை முளைத்துத் திரிகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கண்ணைத் திறந்தபோது ராஜ்குமார் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்லம்மா."

"நல்லா இல்லையா?"

"நல்லா இருக்குது. சித்தி வீட்டுக்குப் போயிட்டு வரேன்."

போனவன் முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். அந்த முக்கால் மணியும் லீலா சுவரோரத்துத் துணிகளை மடித்தாள்; மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். அங்கேயும் ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் முணுமுணுப்பு கேட்டதே தவிர, பாட்டு தெளிவாக விழவில்லை. சுவரைக் கட்டிய கொத்தனார் நல்ல வேலைக்காரர்.

இரண்டையும் சேர்த்து ஓடவிட்டான். கூடம் நிறைந்துவிட்டது. லீலா குரலுக்குக் கீழே சூர்யகலா குரல், ஒரு இடத்திலும் இடிக்காமல். பதினோரு மாதம் என்று ஒன்று நடுவில் இருந்ததாகவே தெரியவில்லை. துர்கா வீட்டு மிக்ஸி நின்றது.

பாட்டு முடிந்ததும் ராஜ்குமார் நிறுத்தினான். லீலா வாயைத் திறந்தாள்.

"அவ குரல் கொஞ்சம் தூக்கலா இல்ல?"

"சரியாத்தான்ம்மா இருக்குது."

"என்னுத இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்."

"ம்மா, பேஜார் பண்ணாத. நான் சேவூர் போயி வேன் பேசிட்டு வந்துடறேன். போன் சார்ஜ்ல இருக்குது, எடுக்காத. அப்பா போன எடுத்துகினு போறேன்."

எடுக்காதே என்றால் லீலாவுக்கு எடு என்றுதான் அர்த்தம். இது தெருவுக்கே தெரியும். பெற்ற பிள்ளைக்குத் தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

*

வண்டிச் சத்தம் முனை திரும்பியதும் லீலா போனை எடுத்தாள்.

சிவப்புக் கோடு மேலே, பச்சைக் கோடு கீழே. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குமிழ், மேலே கீழே நகர்த்துவதற்கு. மகன் நகர்த்தியதைப் பார்த்திருந்தாள். பச்சைக் குமிழைக் கீழே இழுத்தாள். கொஞ்சமாகத்தான் இழுக்க நினைத்தாள். விரல் வழுக்கி அடிமட்டத்துக்குப் போய்விட்டது. சரி, போனால் போகட்டும், நம் குரலை மட்டும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்போமே என்று ஓடவிட்டாள்.

*மஞ்சப் பூசி மணையில வெச்சோம், மகராசி வந்து உக்காரு...*

கணீரென்று இருந்தது. லீலா தலையை ஆட்டிக்கொண்டாள்.

*பச்ச வளையல் பன்னெண்டு...*

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. டக், டக் என்று போகவேண்டிய நேரம் சும்மா போயிற்று. ஒரு மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

*சேப்பு வளையல் பதினொண்ணு...*

மறுபடி ஒன்றுமில்லை. மறுபடி மூச்சு.

*கருப்பு வளையல் ஒம்போது...* மூச்சு. *வேப்பங் காப்பு ஒண்ணே ஒண்ணு...* மூச்சு. பாட்டு முடிந்துவிட்டது.

போன் கெட்டுவிட்டது என்று லீலா முதலில் நினைத்தாள். இன்னொரு தடவை ஓடவிட்டாள். போன் நன்றாகத்தான் இருந்தது. வளையல்காரன் கூடையைத் திறந்துவைத்து எண்ணிக் காட்டுவது போல, பச்சை பன்னிரண்டு, சிவப்பு பதினொன்று, கருப்பு ஒன்பது, வேப்பங்காப்பு ஒன்று. அவ்வளவுதான் அவள் பாடியது.

அந்த இடங்களில் என்ன வரும்? லீலா வாய்விட்டுப் பாடிப் பார்த்தாள். "பச்ச வளையல் பன்னெண்டு... பாப்பா... பாப்பா காதுல..." பாப்பாவுக்கு மேல் போகவில்லை. சிவப்புக்கு என்னவோ சிரிப்பு வரும். கருப்புக்குக் கண் திருஷ்டி. வேப்பங்காப்புக்கு?

இருபத்திரண்டு வருஷம் ஒவ்வொரு மேடையிலும் அந்த நாலு இடத்தில் லீலா மூச்சு வாங்கினாள், யார் யார் கேட்கிறார்கள் என்று சபையைப் பார்த்தாள், முந்தானையைச் சரிசெய்தாள். பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. யார் கொண்டுபோனார்கள் என்று திரும்பிப் பார்த்ததே இல்லை.

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பாட்டில் வாழ்த்து என்று இருப்பதே அந்த நாலு இடத்தில்தான். சொந்த மகளுக்குப் பாடிய பாட்டில் அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. வளையல் எண்ணிக்கை வந்திருக்கிறது.

*

இப்போது சிவப்பை இறக்கிப் பச்சையை ஏற்றினாள். அந்த நாலு வரியையும் கேட்டு மனப்பாடம் பண்ணி, யாருக்கும் தெரியாமல் பாடிச் சேர்த்துவிடலாம் என்று எண்ணம். லீலாவின் எண்ணங்கள் எப்போதுமே யாருக்கும் தெரியாமல் என்றுதான் தொடங்கும்.

பச்சைக் கோட்டில் முதலில் ஒரு சத்தமும் இல்லை. காத்திருக்கிற சத்தம் என்று ஒன்று உண்டென்றால் அது இருந்தது. வளையல் அசைகிறது, பாய் நெருடுகிறது. அப்புறம் லீலாவின் வரிகள் வரவேண்டிய இடங்களில் மெல்லிய ஒரு இழை. எண்ணிக்கை முடிகிற இடத்தில் அந்த இழை தலைதூக்கியது.

*பாப்பா காதுக்குப் பாட்டா கேக்க...*

*செல்லக் கண்ணு சிரிச்சி முழிக்க...*

*பட்ட கண்ணு பறந்து போக...*

கடைசியாக, வேப்பங்காப்புக்கு:

*நோவு தெரியாம பெத்து வா.*

லீலா உதட்டை அசைத்துக் கூடவே சொல்லிப் பார்த்தாள். கடைசி வரியில் உதடு அசையவில்லை.

பாட்டு முடிந்தும் கோடு நிற்கவில்லை. ராஜ்குமார் நிறுத்த மறந்திருக்க வேண்டும். சூர்யகலாவின் சாதாரணக் குரல் வந்தது.

"டேய், உங்கம்மாவுக்கு முன்ன விட சீக்கிரமா மூச்சு முட்டுதுடா. மூணாவது அடியில கேட்டியா? தைராய்டு மாத்திர ஒழுங்கா சாப்புடறாங்களா?"

"தெரியல சித்தி."

"ஒரே வீட்டுல இருந்துகினு தெரியலன்ற. வெறும் வயித்துல போடணும்டா அது. காபி குடிச்சிட்டுப் போட்டா வேலை செய்யாது. நான் இருந்தப்ப நான் தான் எடுத்துக் குடுப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "நான் கேட்டேன்னு சொல்லாத."

"சொல்ல மாட்டேன் சித்தி."

கோடு முடிந்தது.

லீலா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. பச்சைக் கோட்டின் வால்பக்கத்தில் விரலை வைத்து அழுத்தினாள். ஓடவில்லை. இன்னும் அழுத்தினாள். ஏதோ ஒரு பெட்டி திறந்து இங்கிலீஷில் கேட்டது. போன் என்ன கேட்டாலும் ஓகே என்றால் காரியம் நடக்கும் என்பது லீலாவின் அனுபவம்.

ஓகே என்றாள். பச்சைக் கோடு காணாமல் போயிற்று.

*

துர்காவைக் கேட்டால் மணி பதினொன்று நாற்பது என்பாள். பட்டுப்புடவை கட்டிய லீலா, கையில் மகனுடைய போனை ஏந்திக்கொண்டு, செருப்பில்லாமல் தன் வாசலிலிருந்து இறங்கி, ஏழடி நடந்து, சூர்யகலா வீட்டு வாசலில் ஏறியதைத் துர்கா தன் கண்ணால் பார்த்தாள். வெயிலில் காயவைக்கிற சாக்கில் கையில் வைத்திருந்த மிளகாய் முறத்தை அதற்கப்புறம் அரை மணி நேரம் கீழே வைக்கவில்லை.

சூர்யகலா தலைக்குக் குளித்து, ஈரத் துண்டைக் கொண்டையோடு சுற்றிக்கொண்டு, படையலுக்கு வடை தட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க," என்றாள். இருபத்திரண்டு வருஷம் 'வாக்கா' என்றவள். "உக்காருங்க."

லீலா உட்காரவில்லை. "பாட்டு அழிஞ்சி போச்சி."

"உங்களுதா?"

"உன்னுது."

சூர்யகலா கையிலிருந்த வடையை எண்ணெயில் நிதானமாக விட்டாள். "அதுவா அழிஞ்சிதா, அழிச்சீங்களா?"

"கை பட்டுச்சி."

"பட்டுச்சா. கை எதுக்கு அங்க போச்சி?"

  கேட்டதற்குப் பதில் சொல்லாமல், கேட்காததற்குச் சொன்னாள் லீலா.

"காலையில வெறும் வயித்துல தான் போடறேன். அம்பது பவர். நடுவுல ரெண்டு மாசம் விட்டுட்டேன். இப்பத் திரும்ப ஆரம்பிச்சிருக்கேன்."

கரண்டி நின்றது. சூர்யகலாவின் முகம் சிவந்தது. அடுப்புச் சூடாகவும் இருக்கலாம்.

"நிறுத்தலையா அவன்," என்றாள் மெதுவாக.

"நிறுத்தல."

வடை பொன்னிறம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சூர்யகலா அதை எடுத்து வடிதட்டில் போட்டு, அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சரி, குடுங்க. திரும்பப் பாடிட்டாப் போவுது. உங்களுது தான் இருக்குதே."

"என்னுத வெச்சிகினு ஒண்ணும் பண்ண முடியாது கலா."

"ஏன்?"

"அந்த நாலு எடம் எனக்குத் தெரியாது."

"எந்த நாலு?"

"நான் மூச்சு வாங்கற நாலு."

சூர்யகலா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் லீலா திரும்பிப் போயிருப்பாள், கதையும் வேறு பக்கம் போயிருக்கும். சூர்யகலா பாயை விரித்தாள், போனை முன்னால் வைத்தாள், லீலாவை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இத மைக்ல சொல்லுங்க," என்றாள்.

"இன்னாது?"

"சேவூர் மண்டபத்துல மைக்ல தான சொன்னீங்க. நானும் மைக்லயே வாங்கிக்கறேன்."

"இங்க யார் இருக்காங்க கேக்க?"

"முன்னூறு பேர் இல்ல தான். பரவாயில்ல." சிவப்பு வட்டத்தை அவளே அமுக்கினாள். "ம்."

போனில் நேரம் ஓட ஆரம்பித்தது. லீலா தொண்டையைச் செருமினாள். முந்தானையைச் சரிசெய்யப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"வணக்கம். மாணிக்கவேல் சம்சாரம் லீலா பேசறேன்." அதற்கு மேல் மண்டபத்துப் பேச்சு வரவில்லை, குரல் தணிந்தது. "பாட்டு என்னுதுன்னு சொன்னேன் அன்னைக்கு. எண்ணிக்கை தான் என்னுது. வாழ்த்து எல்லாம் அவளுது. இத்தினி வருசம் பக்கத்துல நின்னுகினு எனக்கே தெரியல." நிறுத்தினாள். "போதுமா?"

"போதும்," என்றாள் சூர்யகலா. அவள் குரலும் சரியாக இல்லை. "ஆரம்பிக்கா."

ஜன்னல் திறந்திருந்தது. ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. எண்ணெய் இன்னும் ஆறாமல் பொரிந்தது. ராஜ்குமார் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். இருவரும் பாடினார்கள்.

பச்சை வந்தது, லீலா மூச்சு வாங்கினாள், இந்தத் தடவை சபையைப் பார்க்கவில்லை, சூர்யகலாவின் வாயைப் பார்த்தாள். சிவப்பு வந்தது. கருப்பு வந்தது. வேப்பங்காப்பு வந்தபோது லீலா மூச்சை இழுத்துக் காத்திருந்தாள். சூர்யகலா பாடவில்லை. முழங்கையால் லீலாவின் விலாவில் ஒரு இடி இடித்தாள். பெற்றவள் நீ பாடு என்று அர்த்தம்.

வாங்கின மூச்சு அப்படியே இருந்ததால் லீலா பாடிவிட்டாள்.

*நோவு தெரியாம பெத்து வா.*

'பெத்து' என்ற இடத்தில் குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் சூர்யகலா கீழேயிருந்து வந்து பிடித்துக்கொண்டாள். லீலா எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்து, நெடுநேரம் முகம் கழுவினாள். பட்டுப்புடவை நனைந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை.

*

ராஜ்குமார் வந்தபோது லீலா தன் வீட்டில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னாள். அவன் போனை எடுத்து, பின்பக்கம் திரும்புகிற ஒரு அம்புக்குறியைத் தொட்டான். பச்சைக் கோடு பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

லீலா கொத்தமல்லியை விட்டுவிட்டுப் பார்த்தாள். "அப்ப அழியலையா?"

"இல்லம்மா. அழிச்சாலும் திரும்பக் கொண்டு வரலாம்."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா?"

"எடுக்காதன்னு சொல்லிட்டுப் போனேன். எடுத்தா இன்னா பண்றதுன்னு எப்பிடிச் சொல்லுவேன்?"

வீணாக ஏழடி நடந்திருக்கிறோமே என்று லீலா கொஞ்சம் யோசித்தாள். வீண்தானா என்றும் யோசித்தாள். "சித்திகிட்ட சொல்லாத," என்றாள்.

"நான் யார்கிட்டயும் எதையும் சொல்றதில்லம்மா," என்றான் ராஜ்குமார், களைத்துப்போய். புதிதாகப் பாடியதை ஓடவிட்டான். தொடக்கத்தில் அம்மாவின் 'வணக்கம்' வந்ததும் நிமிர்ந்தான்.  எண்ணெய் பொரிகிறது, ஃப்ரிட்ஜ் உறுமுகிறது, கடைசியில் அம்மாவின் குரல் உடைகிறது.

"தெள்ளாருக்கு இதயே அனுப்பிடறேன்ம்மா. முன்னாடி பேசினத மட்டும் வெட்டிட்டு."

"வெட்டு. ஆனா அத அவளுக்கு ஒரு காப்பி குடுத்துடு. கேட்டான்னா."

கோடு ஓடிக்கொண்டே இருந்தது. இந்தத் தடவையும் யாரும் நிறுத்தியிருக்கவில்லை. குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் தூரத்தில். பக்கத்தில், போனுக்கு வெகு பக்கத்தில், சூர்யகலாவின் ரகசியக் குரல்.

"ராஜா, உங்கம்மா கொல்லையில இருக்காங்க. ஞாயித்துக்கிழமை வேன்ல எனக்கு ஒரு சீட்டு வைடா. உங்கம்மாகிட்ட சொல்லாத. நானே வந்து ஏறுவேன். அந்த மூஞ்ச நான் பாக்கணும்."

ராஜ்குமார் சட்டென்று நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தான். அம்மா கொத்தமல்லியில் ஒரு பழுத்த இலையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சித்தி இன்னாடா சொன்னா?"

"ஒண்ணுமில்லம்மா. வடைய எடுத்துகினு போவச் சொன்னாங்க."

"சரி, போயி எடுத்துகினு வா."

அவன் வாசல் தாண்டியதும் லீலா விரல் விட்டு எண்ணினாள். வேனில் பன்னிரண்டு சீட்டு. சீர்த்தட்டு தூக்க வருகிறவர்கள், மாணிக்கவேல், தம்பி, பெரியவர்கள், தானும் ராஜ்குமாரும் எல்லாம் சேர்த்துப் பதினொன்று. மீதி இருந்த ஒரே சீட்டில் வந்து நின்றாள். நின்ற இடத்திலேயே அவளுடைய போன் அடித்தது.

"அக்கா, நான் தான் செல்லியம்மாள். ப்ளவுஸ் தெச்சி வந்துடுச்சி. உங்க பொடவ கலருக்கு அப்பிடியே ஜோடியா இருக்குது. ஞாயித்துக்கிழமை அஞ்சரைக்கே வந்துடுவேன், எனக்கு முன் சீட்டு வெச்சிடுங்க. எங்க ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

தறி ஓடுகிற நாளாக இருந்தால் லீலாவுக்கு அது கேட்டிருக்காது. சுவருக்கு அந்தப் பக்கம், திறந்திருந்த ஜன்னல் வழியாக, பீரோ கதவு திறக்கிற சத்தம் வந்தது. அந்துருண்டைக் காகிதம் சரசரத்தது. ஒரு பட்டுப்புடவையை எடுத்து உதறி, தோளில் போட்டுப் பார்த்து, வேண்டாமென்று வைத்துவிட்டு, இன்னொன்றை எடுக்கிற சத்தம்.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?" என்றாள் செல்லியம்மாள்.